இஸ்திரி போட்ட குடும்பப் படம்

டங்.

முன்னறையிலிருந்து அந்தச் சத்தம் வந்ததும், சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த தங்கை குழாயை மூடிவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டாள். கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு மறுபடியும் டங். அதைத் தொடர்ந்து, அவசரக்காரன் யாரோ கதவைத் தட்டுவதுபோல டங், டங், டங்.

"என்னங்க, உங்க கம்ப்யூட்டர் அழுவுது" என்றாள்.

சாப்பிட்டுக்கொண்டிருந்த போட்டோக்காரர் தட்டிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. "அது அழல. உங்க அக்காவைத் திட்டுது. திரையில ஒரு பெட்டி திறந்து கேள்வி கேக்கும்போது, அதுக்குப் பதில் சொல்லாம வேற இடத்துல குத்தினா அப்படித்தான் திட்டும்."

"எங்க அக்காவை நானே திட்டினதில்ல. அதுக்கு என்ன திமிரு பாருங்க."

"அஞ்சு தடவை திட்டு வாங்கியும் உங்க அக்கா எழுந்திருக்கலையே. அதைப் பாரு."

அந்த வீட்டின் முன்னறைதான் ஸ்டுடியோ. தெருவைப் பார்த்த கண்ணாடிக் கதவு, சுவரில் நீலத் திரை, குடை மாட்டிய இரண்டு விளக்குகள், பாஸ்போர்ட் படத்துக்கு உட்காரும் முக்காலி, மூலையில் கம்ப்யூட்டர். கம்ப்யூட்டர் முன்னால் சக்கரம் வைத்த நாற்காலி. அது எங்கேயாவது ஓடிவிடுமோ என்ற பயத்தில் இரண்டு காலையும் தரையில் அழுத்தி ஊன்றிக்கொண்டு, மூக்குக் கண்ணாடி நழுவ நழுவ உட்கார்ந்திருந்தாள் தங்கையின் அக்கா. தெருவில் சின்னவர் பெரியவர் எல்லாருக்கும் அவள் டெய்லரக்கா.

அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்தபோது தங்கை பள்ளிக்கூடப் பையைத் தூக்க முடியாத சிறுமி. அவளைப் படிக்கவைத்து, மருந்துக்கடையில் வேலைக்குச் சேரும் அளவுக்கு ஆளாக்கி, மனசுக்குப் பிடித்தவருக்கே கட்டிக்கொடுத்தது டெய்லரக்காவின் தையல் மெஷின்தான். அந்த மெஷின் போட்ட சத்தத்தில், அவளுடைய சொந்தக் கல்யாணத்தைப் பற்றி யாரேனும் பேசியிருந்தாலும் அவள் காதில் விழுந்திருக்காது. பிறகு சட்டை தைக்கும் கம்பெனியில் பல வருடம் ஓடியது. போன மழைக்காலத்தில் கம்பெனி மூட்டை முடிச்சைக் கட்டிக்கொண்டு வேறு ஊருக்குப் போனது. அவள் போகவில்லை. தங்கை வீட்டுப் பின்னறையில் கொண்டுவந்து பெட்டியை வைத்தாள்.

பெட்டியை வைத்தாளே தவிர, மனசை வைக்க முடியவில்லை. தங்கை அவளை ஒரு துரும்பைக்கூட எடுத்துப்போட விடவில்லை. "இத்தனை வருஷம் மிதிச்சது போதும். காலை நீட்டி உக்காருக்கா" என்றாள். அன்பாகச் சொன்னதுதான். ஆனால் காலை நீட்டி உட்கார்ந்தவளுக்குச் சாப்பாடு தொண்டையில் இறங்கவில்லை. வாழ்நாள் முழுக்கக் கொடுத்தே பழகிய கைக்கு, வாங்கிச் சாப்பிடுவது எவ்வளவு கசக்கும் என்று கொடுத்தவர்களுக்குத்தான் தெரியும்.

அந்தச் சமயம் பார்த்து ஸ்டுடியோ ஆபரேட்டர், கடைத்தெருவில் இருக்கும் பெரிய ஸ்டுடியோவில் ஏசி இருக்கிறது என்று கிளம்பிப் போனார். புது ஆள் ஒருவர் மாதம் பிறந்ததும் வருவதாகச் சொல்லியிருந்தார். அதுவரை நாற்காலி காலி.

"தம்பி, நான் கத்துக்கறேன்" என்றாள் டெய்லரக்கா.

போட்டோக்காரருக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. அடக்கிக்கொண்டார். "அக்கா, இது மெஷின் இல்ல, மௌஸ்."

"அதுவும் ஓடுது, இதுவும் ஓடுது. எங்க ஓட விடணும்னு மட்டும் காட்டுங்க."

கடைசியில் ஓர் ஒப்பந்தம் ஆயிற்று. கையில் ஒரு கல்யாண ஆல்பம் இருந்தது. பொண்ணு வீட்டார் குறை சொல்லாதபடி அதை முடித்துக்கொடுத்தால் நாற்காலி டெய்லரக்காவுக்கு. இல்லையென்றால் புது ஆள் வருவார்; அவள் காலை நீட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

கேமராவைப் பிடித்தால் போட்டோக்காரர் மன்னன். கற்றுக்கொடுக்க உட்கார்ந்தால் வேறு மனிதர்.

"இது லேயர். இது மாஸ்க். இது ஒபாசிட்டி. புரியுதா?"

"புரியல."

"சரி, மறுபடி சொல்றேன். இது லேயர். இது மாஸ்க். இது ஒபாசிட்டி." அதே வார்த்தைகள்தான், கொஞ்சம் உரக்க.

"காது நல்லாத்தான் கேக்குது தம்பி. லேயர்னா என்னன்னு சொல்லுங்க."

"ஒரு படத்து மேல இன்னொரு படத்தை வைக்கறதுக்கா. மேல இருக்கறது கீழ இருக்கறதை மறைக்கும். மேல ஓட்டை போட்டா கீழ இருக்கறது தெரியும்."

டெய்லரக்கா மூக்குக் கண்ணாடியை மேலே தள்ளிவிட்டுக்கொண்டாள். "லைனிங் கீழ, பட்டு மேல. இதை முதல்லயே சொல்றதுக்கு உங்களுக்கு என்ன?"

அதற்கப்புறம் அவளைப் பிடிக்க முடியவில்லை. ஒபாசிட்டி என்பது துணியின் கனம். நூறில் வைத்தால் போர்வை, இருபதில் வைத்தால் உடம்பு தெரியும் மல் துணி. லாசோ என்பது வெட்டுவதற்கு முன்னால் சாக்பீஸால் கோடு போடுவது. 'ஃபெதர்' என்று ஒன்று இருந்தது. அதைக் கொஞ்சம் கூட்டினால், வெட்டிய ஓரம் கத்தியால் நறுக்கினதுபோல நிற்காமல் பக்கத்துத் துணியோடு மெத்தென்று கலந்துபோயிற்று. 'க்ளோன் ஸ்டாம்ப்' என்றதும் அவள் சிரித்தேவிட்டாள். கிழிந்த இடத்துக்கு, சட்டையின் உள்மடிப்பிலிருந்தே அதே துணியைக் கத்தரித்து ஒட்டுப்போடுவதை அவள் ஆயிரம் சட்டைக்குச் செய்திருக்கிறாள். அதற்கு இப்படி ஒரு துரைப் பெயர் இருப்பது இத்தனை நாள் தெரியவில்லையே.

ஆனால் அவள் உயிரையே வைத்தது 'அன்டூ' மேல்தான். போட்ட தையல் பிசகினால் பிரிக்கலாம், ஆனால் ஊசி போன ஓட்டை துணியில் நிற்கும். இங்கே இரண்டு பொத்தானை அமுக்கினால் ஓட்டையே இல்லாமல் பழைய துணி வந்து நின்றது. ஒரு மத்தியானம் முழுக்க அவள் ஒரு மாப்பிள்ளையின் காதை வெட்டுவதும் ஒட்டுவதுமாக விளையாடினாள்.

"அக்கா, அந்த ஆளுக்கு வலிக்கப்போவுது" என்றாள் மருந்துக்கடையிலிருந்து சாப்பிட வந்த தங்கை.

"வலிக்காதுடி. பாரு, திரும்ப வந்துடுச்சு. இப்படி ஒரு பொத்தான் வாழ்க்கையில இருந்திருந்தா..." என்று ஆரம்பித்தவள், தங்கையின் முகம் மாறுவதைப் பார்த்து, "உன்னைக் கணக்குப் பாடத்துல ஃபெயில் ஆகாம பார்த்திருப்பேன்" என்று முடித்தாள்.

மாஸ்க் ஒன்றுதான் அவளுக்கு ஒட்டவில்லை. "வேண்டாததை வெட்டி எறியாதீங்க அக்கா. மாஸ்க் போட்டு மறைச்சு வைங்க. நாளைக்கு வேணும்னா திறந்துக்கலாம்" என்று போட்டோக்காரர் தலைப்பாடாக அடித்துக்கொண்டார்.

"உள்ள மடிச்சு ஊசி குத்தி வைக்கறது. தெரியும். அது வெட்டத் தைரியம் இல்லாதவங்க பண்றது. என் கத்தரி இதுவரைக்கும் தப்பினதில்ல தம்பி."

ஆல்பத்தில் எல்லாப் படங்களையும்விடப் பெரிய தலைவலி, குடும்பம் முழுவதும் நிற்கும் படம். பெண்ணின் அம்மா பிரசவ ஆஸ்பத்திரியில் நர்ஸ். அப்பா சரக்கு ரயில் ஓட்டுகிறவர். நடுவே கல்யாணப் பெண். சுற்றிலும் இரண்டு பக்கத்துச் சொந்தமும். போட்டோக்காரர் வரிசையாகப் பல தடவை தட்டியிருந்தார். ஒன்றில் சித்தப்பா கொட்டாவி விட்டார். ஒன்றில் மாப்பிள்ளையின் தங்கை செருப்பைத் தேடினாள். எதிலும் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் கண் திறந்திருக்கவில்லை. எல்லாவற்றுக்கும் கடைசியாக எடுத்த படத்தில் பாக்கி அத்தனை பேரும் ஒழுங்காக நிற்க, பின்வரிசையில் உயரமாக நின்ற ரயில்காரர் தலையைக் குனிந்து கண்ணை மூடிவிட்டார்.

டெய்லரக்கா அந்தக் கடைசிப் படத்தை மேஜைத் துணியாக விரித்துக்கொண்டாள். ரயில்காரரின் முகத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். கன்னத்தில் ஏதோ பளபளத்தது. வியர்வை என்று நினைத்தாள். கறையைத் துடைத்துப் பழகிய கை, 'ஹீலிங் பிரஷ்ஷை' எடுத்து ஒரே தடவலில் துடைத்துவிட்டது. அப்புறம் மூடின கண்ணுக்கு என்ன செய்வது? முதல் படத்தில் அவர் கண்ணை அகலத் திறந்து, எதிரே சிவப்பு சிக்னலைக் கண்டதுபோல கேமராவை முறைத்துக்கொண்டு நின்றார். அந்தத் தலையை லாசோவால் கோடு போட்டு வெட்டி, இந்த உடம்பின் மேல் வைத்து, கழுத்துப்பட்டி அருகே ஓரத்தை மெத்தென்று ஆக்கினாள். இன்னொரு படத்திலிருந்து ஓர் அத்தையின் சிரிப்பையும் எடுத்து ஒட்டினாள். ஒட்டு எங்கே என்று போட்டோக்காரருக்கே தெரியவில்லை.

"அக்கா" என்றார் அவர். திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோய்க் கழுத்துப்பட்டியை இன்னொரு தடவை தேடினார்.

வேலை முடிந்தது. இனி தையல்காரியின் தர்மம். தைத்து முடித்த உருப்படியை இஸ்திரி போட்டு மடித்து வைக்க வேண்டும்; வெட்டுமேஜையில் ஒரு நூல்பிசிறு கிடக்கக் கூடாது; தரையைக் கூட்டிக் குப்பையை வெளியே கொட்டிவிட்டுத்தான் விளக்கை அணைக்க வேண்டும். கம்பெனியில் அவள் மேஜையைக் காட்டித்தான் மற்றவர்களைத் திட்டுவார் சூப்பர்வைசர். 'ஃப்ளாட்டன்' என்று ஒரு கட்டளை இருந்தது. அதை அமுக்கினால் எல்லா அடுக்கும் சேர்ந்து ஒரே துணியாகச் சப்பென்று படிந்தது. இஸ்திரிதான், சந்தேகம் இல்லை. அமுக்கினாள். துண்டுகளாக வெட்டிய மிச்சப் படங்களையெல்லாம் திரட்டி, திரையின் ஓரத்தில் இருந்த குப்பைத்தொட்டியில் போட்டாள். தொட்டியையும் காலி செய்தாள். திரை துடைத்துவிட்டதுபோல இருந்தது. அவளுக்கு மனசு நிறைந்துபோயிற்று.

ஆல்பம் அச்சாகிப் போய்ச் சேர்ந்தது. சில நாள் கழித்து ஒரு காலையில் நர்ஸம்மா வந்தார். டூட்டி முடிந்த கையோடு, வெள்ளைச் சீருடை கசங்கி, கையில் டிபன் பையுடன்.

"ஆல்பம் பண்ணினது நீதானா? உக்காரும்மா, எழுந்திருக்காதே. படமெல்லாம் கண்ணுல ஒத்திக்கற மாதிரி இருக்கு. எங்க நாத்தனாரே குறை சொல்லல. அவ சொர்க்கத்துக்குப் போனாலும் வாசப்படி உசரம்னு சொல்றவ."

டெய்லரக்காவுக்குக் கால் தரையில் பாவவில்லை. நாற்காலி தன்னுடையதாகிவிட்டது என்று அந்த நொடியில் நினைத்தாள்.

"ஒரே ஒரு படம் மட்டும் உதிரியா வேணும்" என்றார் நர்ஸம்மா. "கடைசியா எடுத்தது. எங்க வீட்டுக்காரர் கண்ணை மூடிக்கிட்டு நிப்பாரே, அது."

"அதான் திறந்த கண்ணா மாத்திட்டேனேம்மா."

"பார்த்தேன். அருமையா மாத்தியிருக்கே. எனக்கு மூடின கண்ணுதான் வேணும்." நர்ஸம்மா முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். "அந்த மனுஷன் அழுது நான் பார்த்ததே இல்ல. எங்க வார்டு வாசல்ல எத்தனை அப்பன்மாரைப் பார்த்திருக்கேன், குழந்தையைக் கையில குடுத்ததும் மூக்கை உறிஞ்சுவாங்க. எம் பொண்ணு பொறந்தன்னிக்கு இவர் வந்தார். 'எடை எவ்வளவு'ன்னு கேட்டார். டூட்டிக்குப் போயிட்டார்."

"சரக்கு வண்டி ஓட்டறவர். எடைதானே கேப்பார்" என்றாள் டெய்லரக்கா. இருவரும் சிரித்தார்கள்.

சிரித்து முடிந்ததும் நர்ஸம்மாவின் குரல் இறங்கியது. "கல்யாணத்தன்னிக்கும் அப்படித்தான். பொண்ணு கார்ல ஏறினதும் இவர் ராத்திரி வண்டிக்குப் போயிட்டார். அவ போன்ல என்கிட்ட கேக்கறா, 'நான் போனது அப்பாவுக்கு ஒண்ணுமே இல்லையாம்மா'ன்னு. கடைசிப் படம் எடுக்கும்போது வெளியே அவ போற கார் ஹாரன் அடிச்சுது. இவர் கண்ணை மூடினார். இங்க, கன்னத்துல, வழிஞ்சுது. உங்க தம்பி கேமராவுல அப்பவே எனக்குக் காட்டினார். அவகிட்ட சொன்னா நம்ப மாட்டேங்கறா. 'நீ சமாதானத்துக்குச் சொல்றே'ங்கறா. படம் இருந்தா நம்புவா."

டெய்லரக்காவின் கை மௌஸின் மேல் அப்படியே நின்றுபோயிற்று. கன்னத்துப் பளபளப்பு அவள் கண்முன் வந்தது. தன்னுடைய ஒரே தடவலும் வந்தது.

'தம்பிகிட்ட கேட்டுச் சொல்றேன்' என்று ஒரு வார்த்தை சொல்லி அனுப்பியிருக்கலாம். கேமராவின் மேல் பழியைப் போட்டிருக்கலாம். பக்கத்தில் யாரும் இல்லை. நாற்காலி அவள் கைக்கு வந்து அரை நிமிடம்கூட ஆகவில்லை. ஆனால் எதிரே ஒரு தாய் உட்கார்ந்திருந்தாள். எங்கேயோ ஒரு மகள், அப்பாவுக்குத் தான் ஒன்றுமே இல்லையோ என்று ஏங்கிக்கொண்டிருந்தாள். அப்பா இல்லாமல் ஒரு சிறுமியை வளர்த்தவளுக்கு அந்த ஏக்கத்தின் ஆழம் தெரியாதா?

"நர்ஸம்மா" என்றாள். "அது வியர்வைன்னு நினைச்சு நான்தான் துடைச்சேன். அப்புறம் அந்தப் படத்தையும் தூக்கிப் போட்டுட்டேன். குப்பைன்னு நினைச்சுக் காலி பண்ணிட்டேன். இப்ப அது இல்ல."

நர்ஸம்மா டிபன் பையைக் கீழே வைத்தார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். தலையைக் குனிந்துகொண்டாள்.

"தம்பி எங்க?" என்று மட்டும் கேட்டார் நர்ஸம்மா.

உள்ளேயிருந்து வந்த போட்டோக்காரர் விஷயத்தைக் கேட்டதும் பேயறைந்ததுபோல நின்றார். "மொத்தத்தையுமா அக்கா?"

"மொத்தத்தையும். இஸ்திரி போட்டு, கூட்டிப் பெருக்கிட்டேன்."

"வேற இடத்துல காப்பி வச்சிருக்கணும். நானும் வைக்கல." அவர் தலையைச் சொறிந்தார். "கேமரா கார்டு இருக்கு. ஆனா அதே கார்டுல அப்புறம் ஒரு ஸ்கூல் ஓட்டப்பந்தயம் எடுத்துட்டேன். மேல வேற படம் ஏறியிருக்கும்."

டெய்லரக்காவின் கண் நிறைந்துவிட்டது. நாற்காலியிலிருந்து எழுந்தாள். "புது ஆளை வரச் சொல்லிடுங்க தம்பி. இது எனக்குச் சரிப்படாது."

"உக்காரும்மா" என்றார் நர்ஸம்மா, வார்டில் பேசுகிற குரலில். "எங்க தொழில்ல நாடி இருக்கா இல்லையான்னு பார்த்துட்டுத்தான் அழணும். தம்பி, அந்தக் கார்டைக் கொண்டாங்க."

அழிந்த படங்களைத் தேடித் தரும் மென்பொருள் ஒன்று இருந்தது. போட்டோக்காரர் கார்டைச் செருகி அதை ஓடவிட்டார். நர்ஸம்மா டிபன் பையைத் திறந்து மிச்சமிருந்த ரொட்டியை ஆளுக்கொன்றாகக் கொடுத்தார். மூன்று பேரும் திரையையே பார்த்துக்கொண்டு மென்றார்கள். திரையில் ஒவ்வொன்றாகச் சின்னச் சின்னக் கட்டங்கள் முளைத்தன. ஓடுகிற சிறுவர்கள். விழுந்த ஒரு சிறுவன். மறுபடி ஓடுகிற சிறுவர்கள். அப்புறம் திடீரென்று ஒரு பூமாலையின் ஓரம். கல்யாண மண்டபத்தின் விளக்கு. பாதி முகங்கள். பல படங்கள் கிழிந்த துணிபோல, மேலே ஒரு முழம் படமும் கீழே வெறும் சாம்பல் நிறமுமாக வந்தன.

"அதோ" என்றார் நர்ஸம்மா.

கடைசிப் படம். முன்வரிசை முழுக்கச் சாம்பல். கல்யாணப் பெண் இல்லை, மாப்பிள்ளை இல்லை, நாற்காலிகள் இல்லை. மேல்பாதி மட்டும் பிழைத்திருந்தது. உயரமான மனிதர் பின்வரிசையில் நின்றது எவ்வளவு நல்லதாகப் போயிற்று. தலையைக் குனிந்து, கண்ணை இறுக்க மூடி நின்றார் ரயில்காரர். கன்னத்தில் ஒரே ஒரு கோடு, விளக்கு வெளிச்சம் பட்டு மினுங்கியது.

நர்ஸம்மா திரையைத் தொட்டுப் பார்த்தார். "இருக்கு பாரு நாடி" என்றார். அந்த அம்மாளின் மூக்கு சிவந்துவிட்டது.

"கீழ்ப்பாதி இல்லையே" என்றார் போட்டோக்காரர்.

"கீழ்ப்பாதிக்கு நான் இஸ்திரி போட்ட படம் இருக்கே தம்பி. அதே நிக்கற நிலை, அதே நேரம்" என்றாள் டெய்லரக்கா. அவள் எப்போது மறுபடி நாற்காலியில் உட்கார்ந்தாள் என்று யாருக்கும் தெரியவில்லை. "அதைக் கீழ விரிக்கறேன். இதை மேல வைக்கறேன். வெட்ட மாட்டேன். அந்த மாஸ்க் எங்க இருக்குன்னு இன்னொரு தடவை காட்டுங்க. சத்தம் போடாம காட்டுங்க."

அன்று பூராவும் அவள் எழுந்திருக்கவில்லை. பாதிப் படத்தை முழுப் படத்தின் மேல் வைத்து, தோளோடு தோள், கூரையோடு கூரை பொருத்தினாள். ரயில்காரரின் குனிந்த தலை மட்டும் தெரியும்படி மற்றதை மாஸ்க்கால் மறைத்தாள். மேலே இருந்த சட்டை கொஞ்சம் மஞ்சளாக இருந்தது. கீழே இருந்த சட்டையோடு நிறம் சேருகிற வரை தள்ளித் தள்ளிப் பார்த்தாள். கன்னத்துப் பக்கம் மட்டும் எந்தப் பிரஷ்ஷையும் கொண்டுபோகவில்லை. முடிந்ததும் எதையும் படியவைக்கவில்லை, ஒரு பிசிறையும் கொட்டவில்லை. அடுக்கு அடுக்காக அப்படியே சேமித்தாள். மூன்று இடத்தில் காப்பி வைத்தாள். அலங்கோலமாகக் கிடந்த அந்தத் திரையைப் பார்க்க அவளுக்குக் கூசியது. பல்லைக் கடித்துக்கொண்டு விட்டுவிட்டாள்.

போட்டோக்காரர் தொலைபேசியை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்ப் பேசிவிட்டு வந்தார். "புது ஆளை வேண்டாம்னு சொல்லிட்டேன்."

"ஏன் தம்பி? நான் பண்ணின காரியத்துக்கா?"

"அதுக்குத்தான். நீங்க ஒரு தடவை அழிச்சுட்டீங்க, ஜென்மத்துக்கும் இனி அழிக்க மாட்டீங்க. அந்த ஆள் இன்னும் அழிக்கவே இல்ல. எப்ப அழிப்பாரோன்னு நான் பயந்துக்கிட்டே இருக்கணும்."

உள்ளேயிருந்து தங்கை, "அக்காவை வச்சுக்கறதுக்கு இவ்வளவு சுத்தி வளைக்கணுமா?" என்றாள்.

நர்ஸம்மாவுக்குப் படம் திருப்தி. ஆனால் மகளுக்கு அனுப்பும் முன்னால் அவர் ஒரு நிபந்தனை போட்டார். "அவர் ஒரு தடவை பார்க்கட்டும். சொல்லாம அனுப்பினா வீட்ல வண்டி தடம் புரண்டுடும்."

மறுநாள் சாயங்காலம் ரயில்காரரே வந்தார். வாசல் நிலையில் தலை இடிக்காமல் குனிந்து நுழைந்தார். சட்டைப் பையில் சிவப்பும் பச்சையுமாகக் கொடித்துணி எட்டிப் பார்த்தது. முக்காலியைக் காட்டியும் உட்காரவில்லை.

"எங்க வீட்ல ஏதோ படம்னாங்க."

டெய்லரக்கா திரையைத் திருப்பினாள். அவர் பார்த்தார். காதுமடல்கள் சிவந்தன.

"தூசி" என்றார். "அந்த மண்டபத்துல ஒரே தூசி."

"இருக்கும்" என்றாள் டெய்லரக்கா.

"டிப்போவுல ஆல்பத்தைக் கேக்கறாங்க. இதைப் பார்த்தா விடமாட்டாங்க. இன்ஜின்ல ஏறும்போதெல்லாம் கைக்குட்டை நீட்டுவாங்க." தொண்டையைச் செருமிக்கொண்டார். "இதை எடுத்துட முடியுமா?"

மீட்டதை மறுபடி எடுப்பதா? நர்ஸம்மாவின் முகமும், முகம் தெரியாத அந்த மகளும் அவள் மனசில் வந்து நின்றார்கள். முடியாது என்று சொல்ல வாயைத் திறந்தாள். ஆனால் கண்ணீர் அவளுடையது அல்லவே. அதை வைத்துக்கொள்வதா வேண்டாமா என்று சொல்ல வேண்டியவர் எதிரே நின்றுகொண்டிருந்தார்.

"எடுக்க வேண்டாம். மறைச்சா போதும்" என்றாள். "இங்க ஒரு கண்ணு மாதிரி சின்னதா இருக்கு பாருங்க. அதை ஒரு தடவை அமுக்குங்க. நீங்களே அமுக்குங்க."

லீவரைப் பிடித்துப் பழகிய பெரிய விரல்கள் மௌஸைத் தயங்கிப் பிடித்தன. அமுக்கினார். குனிந்த தலை மறைந்தது; அடியிலிருந்து இன்னொரு ரயில்காரர் கண்ணை அகலத் திறந்து முறைத்தார்.

"அட" என்றார்.

மறுபடி அமுக்கினார். தலை குனிந்தது, கன்னத்தில் கோடு மினுங்கியது. மறுபடி. முறைத்தார். மறுபடி. குனிந்தார். உள்ளே நுழைந்தபோது இருந்த விறைப்பு அவர் தோளிலிருந்து இறங்கிவிட்டது. ஒரு தடவை சிரிப்புக்கூட வந்தது.

"இப்படித்தான் மூஞ்சியை வச்சுக்கிட்டு நின்னேனா நான்?"

"இதுல நின்னீங்க. அதுலயும் நின்னீங்க" என்றாள் டெய்லரக்கா. "ரெண்டும் நீங்கதான். நான் எதையும் வரையல."

அவர் மௌஸிலிருந்து கையை எடுத்தார். அப்போது திரையில் இருந்தது குனிந்த தலை.

"அவ கேட்டாளாமே" என்றார் மெதுவாக. "எனக்கு ஒண்ணுமே இல்லையான்னு."

டெய்லரக்கா மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.

"ஹாரன் அடிச்சுது பாருங்க. நாள் பூரா நான் அடிக்கற ஹாரன்தான். எத்தனை ஊரைத் தாண்டறேன். அந்தச் சத்தம் கேக்கறவங்களுக்கு எப்படி இருக்கும்னு அன்னிக்குத்தான்..." முடிக்கவில்லை. பைக்குள் எட்டிப் பார்த்த கொடித்துணியை உள்ளே திணித்தார். "இப்படி இருக்கறதை அவளுக்கு அனுப்பிடுங்க. இன்னிக்கே அனுப்பிடுங்க."

"டிப்போவுக்கு?"

"டிப்போவுக்கு முறைக்கறது."

அச்சடிக்க வேண்டிய அளவைக் கேட்டுக்கொண்டு டெய்லரக்கா மகளின் எண்ணுக்குப் படத்தை அனுப்பினாள். போய்ச் சேர்ந்த குறி வரும் வரை ரயில்காரர் நின்று பார்த்தார். குறி வந்தது. அவர் தலையை ஆட்டினார், வண்டி கிளம்பலாம் என்பதுபோல.

வாசல் வரை போனவர் நின்று திரும்பினார். "அந்தக் கழுத்துப்பட்டி கிட்ட ஒட்டுப் போட்டிருக்கீங்கன்னு எங்க வீட்ல சொன்னாங்க. நான் எவ்வளவோ தேடிப் பார்த்தேன், தெரியல."

"தெரியக்கூடாது. தெரிஞ்சா அது ஒட்டு இல்ல, கிழிசல்."

அவர் பையில் செல்போன் மணி அடித்தது. எடுத்துப் பார்த்தார். யாருடைய அழைப்பு என்று அவர் முகமே சொல்லிற்று. "சொல்லும்மா" என்றார். ஒரு கையால் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, நிலையில் இடிக்காமல் குனிந்து, தெருவில் இறங்கினார். கண்ணாடிக் கதவு அவருக்குப் பின்னால் மெல்ல வந்து சாத்திக்கொண்டது.